வெம்ப்ளி இரவு முதல் நாப்போலி பட்டம் வரை: ஸ்காட்லாந்து நடுக்கள வீரர் பில்லி கில்மரின் பயணம்

லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 2021-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி இரவு, யூரோ கால்பந்துத் தொடரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ஆட்டம் கோல் ஏதுமின்றிச் சமனில் முடிந்தது. கோல் விழாத ஆட்டத்தில் ஆட்ட நாயகன் விருது பெரும்பாலும் கோல் காப்பாளருக்கோ தற்காப்பு வீரருக்கோ போய்ச் சேரும். அன்று அது ஸ்காட்லாந்தின் நடுக்கள வீரர் பில்லி கில்மருக்கு வழங்கப்பட்டது. ஒரு வாரத்துக்கு முன்புதான் அவருக்கு 20 வயது நிறைவடைந்திருந்தது. நாட்டுக்காக அவர் முதல் நிமிடத்திலிருந்தே களமிறங்கிய முதல் ஆட்டமும் அதுதான்.

மூன்று நாள்கள் கழித்து அவருக்குக் கரோனா தொற்று உறுதியானது. குரோஷியாவுக்கு எதிராக வென்றே தீர வேண்டிய கடைசி லீக் ஆட்டத்தில் அவரால் பங்கேற்க முடியவில்லை. ஹாம்ப்டன் பார்க்கில் நடந்த அந்த ஆட்டத்தில் 1-3 என்ற கோல் கணக்கில் தோற்ற ஸ்காட்லாந்து, தொடரிலிருந்து வெளியேறியது. வெம்ப்ளி ஆட்டத்துக்குப் பின் அவருடன் நின்று பேசிய செல்சி சகாக்களும் இங்கிலாந்து வீரர்களுமான மேசன் மவுன்ட், பென் சில்வெல் ஆகியோரும் தனிமைப்படுத்தப்பட்டனர்.

கில்மரின் கால்பந்து வாழ்க்கை முழுவதற்கும் அந்த ஒரு வாரம் முன்னோட்டமாக அமைந்துவிட்டது. வெளிச்சம் படும் ஒவ்வொரு முறையும் காயமோ நோயோ பயிற்சியாளர் மாற்றமோ உடனே குறுக்கிட்டிருக்கிறது. ஆயினும் இங்கிலாந்தின் பெரிய கிளப்பிலிருந்து விலகி, இத்தாலியில் லீக் பட்டம் வென்ற அணியின் உறுப்பினராக அவர் உயர்ந்தார். புள்ளிவிவரப் பட்டியலில் எளிதில் அகப்படாத ஒரு வேலையைச் செய்பவர் என்பதால், அவரது மதிப்பை அளவிடுவதில் பயிற்சியாளர்களே பலமுறை தடுமாறியிருக்கிறார்கள்.

அவர் செய்யும் வேலை என்ன?

கால்பந்தில் நடுக்கள வீரர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிலர் எதிரணியின் கோல் எல்லைக்குள் ஓடிச் சென்று கோல் அடிப்பவர்கள். சிலர் எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பவர்கள். கில்மர் இவ்விரு வகையிலும் சேராதவர். தன் அணியின் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நின்று, அவர்களிடமிருந்து பந்தைப் பெற்று முன்னோக்கிக் கொண்டு சேர்ப்பதே அவரது முதன்மைப் பணி.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பணி, இன்றைய கால்பந்தில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. பந்தைப் பெறும் தருணத்தில் அந்த வீரரின் முகம் பெரும்பாலும் தன் அணியின் கோல் கம்பத்தை நோக்கியிருக்கும். முதுகுக்குப் பின்னால் எதிரணியினர் இருவரோ மூவரோ பாய்ந்து வருவார்கள். அங்கே பந்தை இழந்தால் அது அநேகமாக எதிரணிக்கான கோல் வாய்ப்பாகிவிடும். எனவே பந்து காலுக்கு வந்து சேரும் முன்பே, தலையை இரு தோள்களுக்கும் மேலாகத் திருப்பித் திருப்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உடலைப் பாதி திருப்பிய நிலையில் பந்தை வாங்கினால் முதல் தொடுதலிலேயே முன்புறம் திரும்பிவிடலாம். நேராக நின்று வாங்கினால் வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியிருக்காது.

கில்மரின் திறமை இந்தப் பாதித் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் உயரமே உள்ள அவரால் எதிராளியைத் தோளால் மோதி விலக்க முடியாது. ஆகவே மோதல் நேரும் முன்பே பந்தை அனுப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்வதென்றால், விக்கெட் எடுக்காவிட்டாலும் ஒரு முனையில் ரன் ஓட்டத்தைக் கட்டிப்போடும் சுழற்பந்து வீச்சாளரின் பங்கு போன்றது இது. மறுமுனையில் விழும் விக்கெட்டுகளில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் அது ஸ்கோர் அட்டையில் பதிவாகாது.

பதிவாகாமல் போவது எந்த அளவுக்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2019 ஆகஸ்ட் மாதம் பிரீமியர் லீக்கில் அறிமுகமான கில்மர், கிளப் ஆட்டம் ஒன்றில் தமது முதல் கோலை அடித்தது 2025 செப்டம்பரில். பீசா அணிக்கு எதிராக, நாப்போலி சீருடையில். இடையில் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

கடலோரச் சிற்றூரிலிருந்து

2001-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி பிறந்த கில்மர், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஏர்ஷர் பகுதியிலுள்ள ஆர்ட்ரோசன் என்ற துறைமுகச் சிற்றூரில் வளர்ந்தவர். பின்னாளில் அவருக்குத் தேசிய அணியில் வாய்ப்பளித்த பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க்கின் ஊர், அதை ஒட்டியே அமைந்துள்ள சால்ட்கோட்ஸ். கிளார்க்கும் செல்சிக்காக நீண்ட காலம் ஆடியவர் என்பது இன்னொரு ஒற்றுமை.

திறமையான சிறார்களுக்குப் பள்ளி நேரத்திலேயே அன்றாடம் பயிற்சி கிடைக்கச் செய்யும் நோக்கில், ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் 2012-ஆம் ஆண்டு ஏழு பள்ளிகளில் சிறப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றான கில்மர்நாக் நகரின் கிரேஞ்ச் அகாடமியில் கில்மர் பயின்றார். நாட்டின் இரு பெரும் கிளப்புகளுள் ஒன்றான ரேஞ்சர்ஸின் இளையோர் பிரிவிலும் அதே காலத்தில் வளர்ந்தார். முதன்மை அணி வீரர்களுடன் பயிற்சி பெறும் வாய்ப்பு இளம் வயதிலேயே வந்தது. ஆனால் ரேஞ்சர்ஸ் முதன்மை அணிக்காக ஒரு ஆட்டமும் ஆடாமலேயே, 16 வயது நிறைந்ததும் 2017 கோடையில் செல்சிக்குச் சென்றுவிட்டார். தொடக்கக் கட்டணம் சுமார் 5 லட்சம் பவுண்டு என்று அப்போது செய்திகள் வெளியாயின.

ஸ்காட்லாந்து கிளப்புகளின் தீராத மனக்குறை இங்கேதான் இருக்கிறது. 18 வயது நிரம்பாத வீரர்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றுவதை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது முதல் 18 வயது வரையிலானோருக்கு விலக்கு உண்டு. பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி முதல் இங்கிலாந்து கிளப்புகள் அந்த விலக்கை இழந்தன. பிரான்சிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ 16 வயதுச் சிறுவனை இனி அழைத்து வர இயலாது. ஸ்காட்லாந்தோ தனிச் சங்கமும் தனித் தேசிய அணியும் கொண்டிருந்தாலும் அதே பிரிட்டன் நாட்டின் ஒரு பகுதி. ஒரே நாட்டுக்குள் இயங்கும் சங்கங்களுக்கு இடையே விதிவிலக்கு இருப்பதால், ஸ்காட்லாந்துச் சிறார்கள்மீது இங்கிலாந்து கிளப்புகளின் கவனம் மேலும் கூடியது. கில்மர் சென்ற வழியிலேயே, அதே கிரேஞ்ச் அகாடமியில் படித்த பென் டோக் 2022-இல் செல்டிக்கிலிருந்து லிவர்பூலுக்குச் சென்றார்.

இவ்வளவு சீக்கிரம் வெளியேறுவது வீரருக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்தில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. 2006-இல் பிறந்த மற்றொரு நடுக்கள வீரரான லெனன் மில்லர் மாற்று வழியைத் தேர்ந்தெடுத்தார். 16 வயதிலேயே மதர்வெல் அணியின் முதன்மை ஆட்டங்களில் இறங்கி, வளர்ந்த ஆண்களுடன் மோதிப் பழகிய பிறகு, 2025-இல் இத்தாலியின் உதினேசே கிளப்பில் சேர்ந்தார். கில்மர் அந்த வயதில் லண்டனில் இளையோர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2018-ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெற்ற டூலோன் தொடரில் ஸ்காட்லாந்து இளையோர் அணிக்காக ஆடித் தொடரின் புதிய கண்டுபிடிப்பு என்ற விருதை வென்றபோதுதான் அவரது பெயர் முதன்முதலாக வெளியே பேசப்பட்டது.

செல்சியில் ஐந்து நாள்கள்

2019-20 பருவத்தில் செல்சிக்குப் புதிய வீரர்களை வாங்கத் தடை இருந்தது. பயிற்சியாளர் ஃபிராங்க் லம்பார்ட் கிளப்பின் இளையோரையே நம்ப வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய கில்மருக்கு உண்மையான திருப்பம் 2020 மார்ச் மாதம் வந்தது. மார்ச் 3-ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பையில், அந்தப் பருவத்தின் லீக் பட்டத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்த லிவர்பூலை செல்சி 2-0 என வென்றது. ஆட்ட நாயகன், 18 வயது கில்மர். மார்ச் 8-ஆம் தேதி எவர்ட்டனை 4-0 என வென்ற ஆட்டத்தில் முதன்முறையாக லீக் ஆட்டத்தின் தொடக்க அணியில் இடம்பெற்றார்; அங்கும் ஆட்ட நாயகன் அவரே.

அடுத்த வாரம் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் கால்பந்தே நின்றுபோனது. ஆட்டங்கள் மீண்டும் தொடங்கிய சில வாரங்களில், ஜூலை 7-ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் காயம் ஏற்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் டிசம்பரில் அவர் திரும்பியபோது அணியின் தோற்றமே மாறியிருந்தது. தடை நீங்கிப் பெருந்தொகைக்கு வீரர்கள் வந்திருந்தனர். அடுத்த மாதமே லம்பார்ட்டும் நீக்கப்பட்டு, தாமஸ் டுகெல் பொறுப்பேற்றார். ஜோர்ஜினோ, கான்டே, கோவாசிச் என்ற மூவருக்குப் பின்னால் ஓர் இளைஞருக்கு இடம் கிடைப்பது அரிது. அந்தப் பருவத்தில் செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அந்த அணியில் கில்மரும் இருந்தார் என்றாலும், களத்தில் கிடைத்த நிமிடங்கள் சொற்பம். வெம்ப்ளி ஆட்டத்துக்கு முன் அவர் அப்படியொரு நிலையில்தான் இருந்தார் என்பதை, அன்றைய இரவின் ஆரவாரத்தில் பலர் மறந்துவிட்டனர்.

ஏளனமும் காத்திருப்பும்

யூரோ தொடரிலிருந்து ஸ்காட்லாந்து வெளியேறியபின், ஆட்ட அனுபவம் பெறுவதற்காக 2021-22 பருவத்துக்கு மட்டும் நார்விச் சிட்டிக்கு அவர் இரவல் ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டார். அந்த முடிவு பொருத்தமற்றது என்பது விரைவிலேயே தெரிந்தது. பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் அணியில்தான் கில்மர் போன்றவரால் பயன் விளையும். நார்விச்சோ பெரும்பாலான ஆட்டங்களில் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவரை விரும்பி அழைத்த பயிற்சியாளர் டேனியல் ஃபார்கே நவம்பரிலேயே நீக்கப்பட்டார். தோல்விகளால் வெறுப்புற்ற நார்விச் ரசிகர்களில் ஒரு பகுதியினர் டிசம்பரில், செல்சிக்கே திரும்பிப் போகும்படி அவரை நோக்கிப் பாடினர். அணி கடைசி இடம் பிடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. ஓராண்டுக்கு முன் ஒரு நாடே கொண்டாடிய இளைஞருக்கு 20 வயதில் கிடைத்த பாடம் அது.

2022 செப்டம்பர் 1-ஆம் தேதி, வீரர் மாற்றக் காலம் முடியும் நாளன்று, அவர் செல்சியிடமிருந்து நிரந்தரமாக விலகி பிரைட்டனில் சேர்ந்தார். அவரை வாங்கிய பயிற்சியாளர் கிரஹாம் பாட்டர் ஒரே வாரத்தில் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். சென்ற இடம் செல்சி. கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

புதிய பயிற்சியாளராக வந்த இத்தாலியர் ராபர்டோ டி செர்பியின் கணக்கில் கில்மர் முதலில் இல்லை. மொய்செஸ் கைசெடோ, அலெக்சிஸ் மேக் அலிஸ்டர் இருவரும் நடுக்களத்தை ஆண்டுகொண்டிருந்தனர். மாதக்கணக்கில் வெளியே அமர்ந்திருந்த கில்மருக்கு அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதியில்தான் தொடர் வாய்ப்பு வந்தது. 2023 கோடையில் கைசெடோ செல்சிக்கும் மேக் அலிஸ்டர் லிவர்பூலுக்கும் விற்கப்பட்டபின் கதவு முழுமையாகத் திறந்தது.

டி செர்பியின் ஆட்டமுறை கில்மருக்கென்றே வகுக்கப்பட்டது போன்றது. தற்காப்பு வீரர்கள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று, எதிரணியைத் தங்களை நோக்கி வரவழைப்பார்கள். எதிரணி முன்னேறும் கணத்தில் நடுவிலுள்ள சிறிய வீரரிடம் பந்து வரும். அவர் ஒரே தொடுதலில் அதைக் காலியான இடத்துக்கு அனுப்புவார். 2023-24 பருவத்தில் லீக்கிலும் ஐரோப்பா லீக்கிலும் அந்த ஆட்டத்தின் மையமாக இருந்தவர்களுள் ஒருவர் கில்மர். முதன்முறையாக ஒரு முழுப் பருவத்தை முதன்மை வீரராக அவர் கழித்தார்.

தெற்கு இத்தாலியில்

2024 ஆகஸ்ட் இறுதியில் கில்மரும், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்காட் மெக்டாமினேயும் நாப்போலியில் இணைந்தனர். பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே. முந்தைய பருவத்தில் பத்தாம் இடத்துக்குச் சரிந்திருந்த அணி அது.

ஸ்காட்லாந்து வீரர்களுக்கு இத்தாலி முற்றிலும் புதிய இடமல்ல. 1961-இல் டெனிஸ் லா தூரின் நகரின் டோரினோவிலும், 1980-களில் ஜோ ஜோர்டன் மிலானிலும், கிரேம் சூனஸ் சாம்ப்டோரியாவிலும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவருக்கும் அங்கு லீக் பட்டம் கிட்டவில்லை. அண்மைக் காலத்தில் அந்தப் பாதையில் மீண்டும் சென்றவர்களுள் ஒருவர் போலோன்யா அணிக்காக ஆடிய லூயிஸ் ஃபெர்குசன். இங்கிலாந்தின் நடுத்தர அணிகளைவிட இத்தாலியில் நடுக்கள வீரருக்கு யோசிக்கும் நேரமும் நுட்பமான பயிற்சியும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்ற எண்ணம் ஸ்காட்லாந்து வீரர்களிடையே பரவிவருகிறது.

நாப்போலியில் மெக்டாமினேயின் எழுச்சி எல்லோரும் அறிந்தது. 12 லீக் கோல்கள் அடித்து, இத்தாலிய லீக்கின் சிறந்த வீரர் விருதையே அவர் வென்றார். கில்மரின் பங்கு அமைதியானது. அவர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே ஸ்லோவாக்கிய வீரர் ஸ்தானிஸ்லாவ் லோபோட்கா இருந்தார். கில்மரைப் போலவே உயரம் குறைந்தவர். அதே பாதித் திருப்பம், அதே சிறு சிறு பந்துப் பரிமாற்றம். அங்கே சிறிய உடல் ஒரு குறையாகப் பேசப்படவில்லை என்பது கில்மருக்கு அனுகூலம்; அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்யும் ஒருவர் முன்னால் நின்றது பிரதிகூலம். லோபோட்கா காயமடையும்போது அவருக்குப் பதிலாகவும், வேறொருவர் இல்லாதபோது அவருடன் இணைந்தும் கில்மர் ஆடினார்.

2025 மே 23-ஆம் தேதி, டியேகோ மாரடோனா பெயர் தாங்கிய மைதானத்தில் கலியாரி அணியை 2-0 என வென்ற நாப்போலி 82 புள்ளிகளுடன் பட்டத்தைக் கைப்பற்றியது. இன்டர் மிலானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அந்த நகருக்கு அது வரலாற்றில் நான்காவது பட்டம். ஒரு புள்ளியில் முடிவான பட்டத்தில், மாற்று வீரராக வந்து ஆட்டத்தின் வேகத்தைத் தணித்து முன்னிலையைக் காத்த நிமிடங்களுக்கு என்ன மதிப்பு என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

நாட்டு அணியில்

தேசிய அணியிலும் அவரது இடம் குறித்த விவாதம் ஓய்ந்ததில்லை. யூரோ 2024 தொடரின் தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராகக் கிளார்க் அவரைத் தொடக்க அணியில் சேர்க்கவில்லை. ஸ்காட்லாந்து 1-5 என வீழ்ந்தது. அந்தத் தேர்வு கடும் விமர்சனத்துக்குள்ளானது. கில்மர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று கூறுவது மிகை. ஆனால் பந்தைச் சில நொடிகள் வைத்திருக்கக்கூடிய ஒருவர் நடுவில் தேவைப்பட்டார் என்பது அன்று வெளிப்படையாகத் தெரிந்தது. அடுத்த இரு ஆட்டங்களிலும் அவர் முதலிலேயே களமிறங்கினார்; சுவிட்சர்லாந்துடன் 1-1 சமன், ஹங்கேரியிடம் கடைசி நிமிடத்தில் 0-1 தோல்வி. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஹாம்ப்டன் பார்க்கில் போலந்துக்கு எதிராக நாட்டுக்கான தமது முதல் கோலை அடித்தார். அந்த ஆட்டத்தையும் ஸ்காட்லாந்து 2-3 எனக் கடைசி நிமிடங்களில் இழந்தது.

2025 நவம்பர் 18-ஆம் தேதி அதே ஹாம்ப்டன் பார்க்கில் டென்மார்க்கை 4-2 என வென்று, 1998-க்குப் பிறகு முதன்முறையாக ஆடவர் உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்து தகுதி பெற்றது. மூன்றாவது நிமிடத்தில் தலைகீழாகப் பாய்ந்து மெக்டாமினே அடித்த கோலும், கூடுதல் நேரத்தில் மைதானத்தின் பாதியிலிருந்து கென்னி மெக்லீன் உதைத்த கோலும் அந்நாட்டில் நெடுங்காலம் பேசப்படும். அந்த இரவில் கில்மர் களத்தில் இல்லை. அடுத்த மாதம் தொடை இடுக்குப் பகுதிக் கோளாறுக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெற்றது.

அதே டிசம்பரில் உலகக் கோப்பைக்கான பிரிவுகள் குலுக்கலில் முடிவாயின. ஸ்காட்லாந்து இடம்பெற்ற சி பிரிவில் பிரேசில், மொராக்கோ, ஹைட்டி ஆகியவை உள்ளன. 1998-இல் பிரான்சில் ஸ்காட்லாந்து கடைசியாக ஆடிய உலகக் கோப்பையிலும் பிரேசிலும் மொராக்கோவும் அதன் பிரிவில்தான் இருந்தன. அப்போது கில்மர் பிறந்திருக்கவில்லை.